வெட்டுக்கிளி எங்கே போய் விழும்?

வழக்கமான சதுரங்கத்தில் இல்லாத புதுக் காயின் பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். நான் கேட்பது ஒரே கேள்விதான்: வழியில் இன்னொரு காய் நின்றால் இது என்ன செய்யும்?

ஒட்டகம் என்ற காய்க்கு அந்தக் கவலையே கிடையாது, தாண்டிப் போய்விடும். குதிரை 2க்கு 1 தாவும், இது 3க்கு 1. டி4 கட்டத்தில் (எழுத்து நெடுவரிசை, எண் கிடைவரிசை) வைத்தால் இ7, சி7, ஜி5, ஜி3, இ1, சி1, ஏ5, ஏ3. எட்டும் கருப்புக் கட்டங்கள்! கடைசிவரை நிறம் மாறாது.

நைட்ரைடர், குதிரையின் தாவலை ஒரே திசையில் தொடர்ந்து போடும். ஏ1-லிருந்து பி3, சி5, டி7. பி3-ல் உங்கள் காய் இருந்தால் அந்த வழி அடைத்துவிட்டது. ஏ2, பி2-ல் யார் இருந்தாலும் பாதகமில்லை.

நைட்ரைடரைப் புதிர்களுக்காக உருவாக்கிய சதுரங்கப் புதிர் அமைப்பாளர் டி. ஆர். டாசன்தான் 1913-ல் வெட்டுக்கிளியையும் கொண்டுவந்தார். ராணி போகும் எட்டுத் திசையிலும் போகும், ஆனால் தாண்ட ஒரு காய் வேண்டும். முதலில் எதிர்ப்படும் காயைத் தாண்டி, ஒட்டிய அடுத்த கட்டத்தில் விழும். வெட்டுக்கிளி டி1-ல், சிப்பாய் டி5-ல் என்றால் டி6. அங்கே எதிரி நின்றால் வெட்டு. தாண்டப்பட்ட சிப்பாய்க்கு ஒன்றும் ஆகாது. காலிப் பலகையில் இது அசையவே முடியாது. அச்சில் இதற்குத் தலைகீழ் ராணிப் படம் போடுவார்கள். நிஜ ராணி தலைகீழாக நிற்பதில்லை என்பதால் நான் பாட்டில் மூடி வைக்கிறேன்.

என்னை அதிகம் அழவைத்தது சீனச் சதுரங்கத்தின் பீரங்கி. நடப்பது நம் சதுரங்கத்தின் யானை (கோட்டை) மாதிரி. வெட்டும்போது மட்டும் நடுவில் சரியாக ஒரு காய் இருக்க வேண்டும், யாருடையதானாலும் சரி. அதைச் சாதாரணப் பலகையில் சேர்த்து ஆடினோம். என் ராஜா இ1, எதிரியின் பீரங்கி இ8, நடுவில் யாருமில்லை. பாதுகாப்பு என்று நினைத்து மந்திரியை இ2-ல் வைத்தேன். எதிரே இருந்தவர் சிரித்தார். என் ராஜாவுக்கு நானே செக் கொடுத்திருக்கிறேன், நடையே செல்லாது! இப்போதெல்லாம் பீரங்கி செக் வைத்தால் முதலில் நடுவில் நிற்பது யார் என்று பார்க்கிறேன். என் காய் என்றால் அந்த வரிசையை விட்டே விலக்கலாம். இல்லாவிட்டால் இன்னொன்றையும் நுழைத்து இரண்டாக்கலாம்.

மந்திரியும் குதிரையும் சேர்ந்த ஆர்ச்பிஷப்பில் தாண்டும் குழப்பம் இல்லை: சாய்வாக நகர்ந்தால் மந்திரி, தாவினால் குதிரை. எதிரி ராஜாவைத் தனியாக ஏ1-லும் இதை சி3-லும் வைத்து, அந்த ராஜாவுக்கு ஒரு வழி தேடிப் பாருங்கள்.