கதையில் கணுக்கால் சுளுக்கும்போது: மலையகப் பள்ளி மாணவியின் விளையாட்டுக் காயத்தை எழுதும் முறை

பதின்ம வயதுப் பாத்திரம் ஒரு பத்தியில் மைதானத்தில் விழுகிறது, அடுத்த பத்தியில் காலில் கட்டுடன் படுத்திருக்கிறது, அதற்கடுத்த அத்தியாயத்தில் தேயிலை மலையேறி ஓடுகிறது. புதிதாக எழுதுவோரின் கதைகளில் இதை அடிக்கடி காண்கிறேன். காயத்தை அதன் நாட்கணக்கோடு எழுதினால் கதையே வேறு திசையில் வளரும் என்பதால், ஒரே ஒரு காயத்தை எடுத்துக்கொண்டு படிப்படியாக விளக்குகிறேன். இலங்கை மலையகத்தின் ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வசிக்கும் பதின்மூன்று வயது மாணவியைக் கற்பனை செய்வோம்; அவளுக்குச் செல்வி என்று பெயரிடுவோம்.

முதலாம் படி: காயத்தை விளையாட்டிலிருந்து எடுங்கள்

செல்வி வலைப்பந்தாட்டம் ஆடுகிறாள். அந்த ஆட்டத்தில் பந்தைப் பிடித்தவர் அதனுடன் ஓடக்கூடாது; பாய்ந்து பிடித்துக் கால் பதித்ததும் நின்றாக வேண்டும். இந்தத் திடீர் நிறுத்தத்தாலேயே கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் ஆபத்து அதிகம். இறங்கும் கால் எதிரணி மாணவியின் பாதத்தின் மேல் பட்டால், பாதம் உட்புறமாக மடங்கி, கணுக்காலின் வெளிப்பக்க எலும்புகளைப் பிணைக்கும் நார்கள் இழுபடும் அல்லது கிழியும். மழையைச் சேர்ப்பதாயின் மாதத்தையும் பாருங்கள்: ஹட்டன், மஸ்கெலியா பக்கத்தில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை பெய்யும், பதுளைப் பக்கத்திலோ பெருமழை ஆண்டின் இறுதியில் வரும்.

இரண்டாம் படி: முதல் மணித்தியாலத்தை மெதுவாக எழுதுங்கள்

வலி உடனே வரும். வீக்கம் சில நிமிடங்களிலேயே தொடங்கலாம், சில மணித்தியாலங்களில் பெருகும். நீலம் பாய்வது பெரும்பாலும் மறுநாளோ அதற்கடுத்த நாளோ தெரியும், பின்னர் குதிகாலின் ஓரமாகவும் விரல்களை நோக்கியும் இறங்கும். விழுந்த நொடியிலேயே கால் நீலமானது என்று எழுதாதீர்கள். லயத்து வீட்டில் ஐஸ் இருக்கும் என்றும் எண்ணாதீர்கள். பீலியில், அதாவது குழாய் வழியே விழும் ஊற்றுத் தண்ணீரில், நனைத்த துணியைச் சுற்றி, காலைத் தலையணை மேல் உயர்த்தி வைப்பதே அங்கு நடக்கக்கூடியது. ஆனால் செல்வி முதலில் செய்வது மறைப்பதாகத்தான் இருக்கும்.

"ஏன்டி நொண்டுற?"

"ஒன்னுமில்லம்மா, சும்மா பெரண்டுருச்சு."

அணியில் தன் இடம் பறிபோய்விடும் என்ற அச்சத்தோடு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் அம்மாவுக்கு அன்றைய பேர் விழாது, அதாவது அந்த நாளின் கூலி கிடைக்காது என்ற கணக்கும் அவள் மனதில் ஓடுகிறது. இவ்விரண்டையும் காட்டினால் அவள் சொல்லும் பொய்யை வாசகர் நம்புவார்.

மூன்றாம் படி: சுளுக்கா, முறிவா என்ற ஐயத்தைப் பயன்படுத்துங்கள்

பதின்ம வயதினரின் காயம் பெரியவர்களின் காயத்திலிருந்து வேறுபடுவது இங்கேதான். வளரும் எலும்பின் முனையருகே குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டு இருக்கிறது. அது சிறுமியருக்கு ஏறக்குறைய பதினான்கு, பதினைந்து வயதிலும், சிறுவருக்குச் சற்றுப் பிந்தியும் மூடிக்கொள்ளும். அதுவரை சுற்றியுள்ள நார்களைவிட அது வலுக்குறைந்தது என்பதால், வளர்ந்தவருக்கு நார் கிழியும் அதே விழுகையில் சிறுமிக்கு வளர்ச்சித் தட்டு விலகலாம். எக்ஸ்ரேயில்கூட அது சில வேளை தெளிவாகத் தெரியாது. ஆகவே வைத்தியர் வெளிக்கணுவின் எலும்பையே விரலால் அழுத்திப் பார்ப்பார். நான்கு அடி எடுத்து வைக்கச் சொல்வார். கனடாவின் ஒட்டாவா நகரில் 1990களின் தொடக்கத்தில் உருவான விதிகள், எலும்பின் மேல் வலித்தாலோ, அடிபட்ட உடனும் பரிசோதனையின் போதும் நான்கு அடி எடுத்து வைக்க இயலாவிட்டாலோ எக்ஸ்ரே எடுக்கச் சொல்கின்றன.

தோட்டத்தில் பலர் முதலில் தேடிச் செல்வது எலும்பு முறிவுக்கு நாட்டு வைத்தியம் செய்யும் முறிவு வைத்தியரை என்பதையும் ஒளிக்காமல் எழுதுங்கள். பாட்டியின் நம்பிக்கையைக் கேலி செய்யவேண்டாம். ஆனால் விலகிய வளர்ச்சித் தட்டை அழுத்தி நீவினால் கேடு கூடும் என்பதும் கதைக்குள் இருக்கட்டும். நடக்கவே முடியாத காயமென்றால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து இலவச அம்புலன்ஸை வரவழைக்கலாம். லயத்திலிருந்து பாதை வரை அவளைத் தூக்கிச் செல்லும் காட்சி உங்கள் கையில் இருக்கிறது.

நான்காம் படி: நாட்காட்டி ஒன்றை அருகில் வையுங்கள்

நார் இழுபட்டது மட்டுமென்றால் ஓரிரு வாரங்கள். பகுதியாகக் கிழிந்தால் மூன்று முதல் ஆறு வாரங்கள். முழுமையாகக் கிழிந்தால் மூன்று மாதம் வரையும் ஆகலாம். வளர்ச்சித் தட்டுக் காயமென்றால் பல வாரங்கள் பிளாஸ்டர் கட்டு இருக்கும். போட்டி எந்த நாளில் வருகிறது என்பதை முதலில் முடிவு செய்து, பின்னோக்கி எண்ணிக் காயத்தின் அளவைத் தெரிவு செய்யுங்கள்.

ஐந்தாம் படி: மலையை மறக்காதீர்கள்

இதையே நான் மிகவும் வற்புறுத்துவேன். சமவெளியில் சுளுக்கிய காலுக்கும் மலையில் சுளுக்கிய காலுக்கும் அன்றாடம் ஒன்றல்ல. கீழே இறங்கும்போது முழங்கால் பாதத்துக்கு முன்னே சாயவேண்டும். கணுக்கால் அவ்வளவு மடங்க மறுக்கும். எனவே செல்வி பள்ளிக்குச் செல்லும் படிக்கட்டில் பக்கவாட்டாகத் திரும்பி, நல்ல காலை ஊன்றி ஊன்றி இறங்குவாள். குந்தி உட்காரும் கழிப்பறை அவளுக்குப் பெரும்பாடு. நடை சீரான பின்பும் ஒற்றைக்காலில் நிற்கும்போது உடல் ஆடும், ஏனெனில் காயம் சமநிலை உணர்வையும் குறைத்துவிடுகிறது. ஒற்றைக்கால் பயிற்சியை அவள் லயத்து வாசலில் செய்யட்டும், தம்பி எண்ணிக்கை சொல்லட்டும். பயிற்சியின்றி மைதானத்துக்குத் திரும்பினால் அதே கால் மீண்டும் பிரளும் வாய்ப்பு அதிகம்.

ஆறாம் படி: தலையில் அடிபடவைத்தால் விதிகள் வேறு

தலை அதிர்ச்சிக்கு ஆளான பெரும்பாலானோர் மயங்கி விழுவதில்லை. தலைவலி, குமட்டல், தாமதமான பதில், ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்பது ஆகியவையே அடையாளங்கள். அன்றே அவளை மீண்டும் ஆடவைக்காதீர்கள். பாடங்களுக்கு முழுமையாகத் திரும்பிய பின்னரே விளையாட்டு, அதுவும் படிப்படியாக, ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள் இடைவெளியுடன். வாந்தி தொடர்ந்தாலோ தூக்கக் கலக்கம் கூடினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதாக எழுதுங்கள்.

இறுதியாக, முழுப் பிரதியையும் ஒருமுறை செல்வியின் காயம்பட்ட காலை, அது வலது கால் என்று வைத்துக்கொள்வோம், அதை மட்டும் கவனித்து வாசியுங்கள். பிரதியின் எந்தப் பக்கத்தில் அது வீங்கியது, எதில் செருப்பு மீண்டும் நுழைந்தது, எதில் அவள் கைப்பிடியின்றிப் படி இறங்கினாள் என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இடது கால் என்று மாறி எழுதியிருக்கும் இடமும் அப்போது அகப்படும்.