டிஜே செட்டுக்கு ஆக்டிவ் ஸ்பீக்கர் வாங்கப் போகிறீர்களா? கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு

ஆக்டிவ் ஸ்பீக்கர் என்றால் ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கிற பெட்டி. கடையில் முதலில் கண்ணில் படுவது வாட்தான். 2000, 3000 என்று அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அதை நம்பிப் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். அது பெரும்பாலும் பீக் வாட், கண் இமைக்கும் நேரம் மட்டும் வந்து போகிற உச்சம். விடாமல் தரக்கூடிய வாட், அதாவது ஆர்எம்எஸ், அதில் பாதியாக இருக்கும், பல பெட்டிகளில் அதுவும் தேறாது. வாட் இரண்டு மடங்கானால் சத்தம் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய வேண்டுமென்றால் சுமார் 10 டெசிபல் கூட வேண்டும், அதற்கு பத்து மடங்கு வாட் ஆகும். அதனால் 1000 வாட் பெட்டிக்கும் 1500 வாட் பெட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை ஆடுகிற கூட்டத்தில் ஒருத்தரும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

பார்க்க வேண்டியது மேக்ஸ் எஸ்பிஎல், அதாவது பெட்டி எட்டக்கூடிய அதிகபட்ச சத்தம் என்று போட்டிருக்கும் எண். உதாரணத்துக்கு யமஹா டிபிஆர்12 பெட்டிக்கு 131 டெசிபல் என்று கம்பெனி சொல்கிறது. இது பெட்டியிலிருந்து 1 மீட்டர் தூரத்தில். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்க இரட்டிக்க 6 டெசிபல் குறைந்துகொண்டே போகும், 2 மீட்டரில் 125, 4 மீட்டரில் 119, 8 மீட்டரில் 113, 16 மீட்டரில் 107. இதுவும் பீக் கணக்குதான், விடாமல் ஓடும் பாட்டுக்கு இன்னும் ஒரு பத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். ஆடுகிற கூட்டத்துக்கு 95, 100 இருந்தால் தாராளம். ஆக, கூட்டம் 15 மீட்டருக்குள் நிற்கிற இடமென்றால் நல்ல 12 இன்ச் (உள்ளே இருக்கிற கோனின் அகலம்) ஜோடி போதும். அதைத் தாண்டினால் எத்தனை பெரிய பெட்டி வாங்கினாலும் முன்வரிசைக்காரர் காதைப் பொத்துவார், பின்வரிசைக்காரர் பேசிக்கொண்டிருப்பார்.

அதனால் பெட்டியைப் பார்க்கும் முன் உங்கள் ஆர்டர் நோட்டைப் பாருங்கள். மண்டபத்தில் ரிசப்ஷன், பொண்ணுக்குச் சீர், மாரியம்மன் கோவில் நோம்பி, திருப்பூர் பனியன் கம்பெனியில் ஆயுதபூஜை ஆட்டம், குலதெய்வக் கோவிலில் காதுகுத்து, காலேஜ் விழா, எல்லாமே நம்ம வேலைதான், ஆனால் எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ஒரே பெட்டி கிடையாது. மாதத்தில் எந்த வேலை அதிகம் வருகிறதோ அதற்கு வாங்குங்கள். வருசத்துக்கு ஒரு தடவை வருகிற பெரிய மைதானத்துக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது 12 இன்ச் ஜோடி. 15 இன்ச்சில் பேஸ் கூடத்தான் வரும், ஆனால் விலை குறைந்த 15 இன்ச் பெட்டிகளில் பலவற்றில் பேஸ் தருகிற பெரிய கோனும் கீச்சொலி தருகிற சின்ன ட்வீட்டரும் சந்திக்கிற நடுப்பகுதி பலவீனமாக இருக்கும், பாட்டுக்காரர் குரல் அங்கேதான் இருக்கிறது. சப், அதாவது பேஸுக்கென்றே தனியாக உள்ள சப்ஊஃபர் பெட்டி, வாங்கவே போவதில்லை என்று முடிவாக இருந்தால் 15 எடுங்கள். அடுத்த வருசம் சப் சேர்க்கும் எண்ணம் இருந்தால் 12தான் சரி. சப் வந்த பிறகு டாப் பெட்டியில், அதாவது இந்த 12 ஜோடியில், ஹைபாஸ் சுவிட்சைப் போட்டு 100 அல்லது 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் அது லேசாக மூச்சு விட்டு ஓடும். அந்த சுவிட்ச் பெட்டியின் பின்னால் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். மலிவாக நாலு 15 இன்ச் வாங்கி அடுக்குவதைவிட நல்ல 12 ஜோடியும் ஒரு சப்பும் எப்போதும் மேல், இதில் என்னோடு சண்டைக்கு வருகிற மைக்செட்காரர்கள் உண்டு, வரட்டும்.

அப்புறம் எடை. டிபிஆர் வரிசையையே எடுத்துக்கொண்டால் 10 இன்ச் 10.5 கிலோ, 12 இன்ச் 15.8, 15 இன்ச் 19.3. தாளில் பார்த்தால் சின்ன வித்தியாசம். ஆனால் அதைத் தலைக்கு மேல் தூக்கி ஸ்டாண்டுக் குழாய் பெட்டியின் அடியில் உள்ள ஓட்டைக்குள் போகிற மாதிரி இறக்க வேண்டும், அதுவும் பல மண்டபங்களில் சாப்பாட்டுக்கூடம் கீழே, ஹால் மாடியில். நிகழ்ச்சி முடிந்து ராத்திரி படியிறக்கும்போதுதான் அந்த மூன்றரை கிலோ தெரியும். கடையிலேயே தனியாளாகத் தூக்கி ஸ்டாண்டில் மாட்டிப் பாருங்கள். பக்கத்துக்கு ஒரு பிடி இருக்க வேண்டும், மேலே மட்டும் பிடி உள்ள பெட்டி தூக்கிக்கொண்டு நடக்க சுகம், ஸ்டாண்டில் ஏற்ற வம்பு. ஆம்னி வேனா குட்டி யானையா என்பதையும் சேர்த்து யோசியுங்கள். 18 இன்ச் சப் வாங்கினால் கூட ஒரு ஆளும் பெரிய வண்டியும் சேர்த்துத்தான் வாங்குகிறீர்கள்.

மண்டபத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம்ம ஊர் மண்டபம் என்றால் தரையில் கிரானைட், சுவரில் டைல்ஸ், சில இடங்களில் தகரக்கூரை. சத்தம் எல்லாவற்றிலும் பட்டுத் திரும்பி வரும். இங்கே சத்தத்தைக் கூட்டக் கூட்டப் பாட்டு குழம்புமே தவிரத் தெளியாது. பெட்டியைக் கூட்டத்துக்குப் பக்கமாக, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே வைத்து, முகத்தை லேசாகக் கீழே சாய்த்து, ஆட்கள் இருக்கிற பக்கம் திருப்ப வேண்டும். அதற்காகவே ஹார்னின், அதாவது ட்வீட்டருக்கு முன்னால் உள்ள புனல் வாயின், பரவல் கோணத்தைப் பாருங்கள். பக்கவாட்டில் 90 டிகிரி என்பது பொதுவாக இருக்கும் அளவு. நீண்டு குறுகலான ஹாலுக்கு 75 டிகிரி உள்ள க்யூஎஸ்சி கே12.2 மாதிரிப் பெட்டி சுவரில் குறைவாக அடிக்கும்.

வள்ளி கும்மி ஆர்டர்தான் இப்போது கொங்கு நாட்டில் எங்கே பார்த்தாலும், அதற்கு டிஜே கணக்கு சரிப்படாது. நூறு பேர் பெரிய வட்டமாக நிற்பார்கள், எல்லார் கையும் ஒரே நேரத்தில் தட்ட வேண்டும். ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 345 மீட்டர் போகும். மேடைப்பக்கம் மட்டும் இரண்டு பெரிய பெட்டியை வைத்தால், 35 மீட்டர் தள்ளி நிற்கிற பெண்ணுக்குத் தாளத்தின் அடி பத்தில் ஒரு நொடி தாமதமாகக் கேட்கும், அந்தப் பக்கத்துக் கும்மி முழுக்கப் பின்தங்கிவிடும். கும்மி ஆசிரியர் உங்களைத்தான் முறைப்பார். இதற்கு நாலு 10 இன்ச் பெட்டியை வட்டத்தின் நடுவில் முதுகோடு முதுகாக வெளிப்பக்கம் பார்த்து நிறுத்துங்கள். எல்லாருக்கும் ஒரே தூரம், ஒரே நேரம். இந்த வேலை அதிகம் வருகிறவர் 15 இன்ச் பக்கமே போக வேண்டாம். பாட்டு ப்ளூடூத்தில் ஓடக்கூடாது. அதுவும் தாமதம் தரும், நடுவில் போன் வந்தால் ரிங்டோனுக்கும் கும்மி தட்டுவார்கள்.

கரண்ட் விசயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஆக்டிவ் பெட்டிக்குள்ளேயே ஆம்ப்ளிஃபயர் இருப்பதால் கரண்ட் சரியில்லையென்றால் பெட்டியே போச்சு. தோட்டத்துப் பக்கம் மோட்டார்கள் ஓடுகிற நேரம் லைன் 180 வோல்ட்டுக்கு வந்து நிற்பதுண்டு. பின்பக்கம் 100–240 வோல்ட் என்று அச்சடித்திருந்தால் அந்தப் பெட்டி இதைத் தாங்கும். 220–240 என்று மட்டும் இருந்தால் ஸ்டெபிலைசர் இல்லாமல் கிராமத்துக்குக் கொண்டு போகாதீர்கள். ஜெனரேட்டரில் இன்னொரு ஆபத்து. மூணு ஃபேஸ் ஜெனரேட்டரில் நியூட்ரல் வயர் கழன்றுவிட்டால் 230 வர வேண்டிய பாயிண்டில் 400 வரை ஏறும். ஒரு சாதாரண மல்டிமீட்டர் பையில் இருக்கட்டும், பிளக்கைச் சொருகும் முன் பாயிண்டை அளந்து பாருங்கள். லைட்டுக்காரரின் லைனில் இருந்து கரண்ட் எடுக்க வேண்டாம், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற டிம்மர் ஓடும்போதெல்லாம் 'ம்ம்ம்' என்று ஹம் வரும். ஹம் போகட்டும் என்று எர்த் பின்னை உடைக்கிற வேலை மட்டும் கூடவே கூடாது, மைக்கைப் பிடிக்கிற ஆளின் உயிர் அதில் இருக்கிறது. மிக்சரிலிருந்து எக்ஸ்எல்ஆர் (மைக்குக்குப் போடுகிற மூணு பின்) வயரில் லைன் கொடுத்தால் பெரும்பாலான ஹம் வராது.

பவர் கார்டையும் பாருங்கள். பல பெட்டிகளில் கம்ப்யூட்டருக்குப் போடுகிற அதே கார்டுதான், காலில் தட்டினால் கழன்றுவிடும். திருகிப் பூட்டுகிற மாதிரி பவர்கான் இருந்தால் நல்லது. இல்லையென்றால் கார்டைப் பிடியில் ஒரு சுற்றுச் சுற்றி டேப் போட்டு விடுங்கள்.

பேட்டரிப் பெட்டி தனி ரகம். குலதெய்வக் கோவில் பாதி, கரண்ட் லைன் எட்டாத காட்டுக்குள்தான் இருக்கும். காதுகுத்துக்கு ஐம்பது, நூறு பேர், மாமன் மடியில் குழந்தை, கொஞ்சம் பாட்டு, ஒரு மைக், அவ்வளவுதான். போஸ் எஸ்1 ப்ரோ சுமார் 7 கிலோ, 11 மணி நேரம் வரை என்கிறார்கள். ஜேபிஎல் இயான் ஒன் காம்பேக்ட் 8 கிலோ, 12 மணி நேரம் வரை. அந்த மணிக்கணக்கு மிதமான சத்தத்துக்குத்தான், முழுசாகத் திருகினால் அவ்வளவு நேரம் நிற்காது. பேட்டரியைக் கழற்றி மாற்ற முடிகிற மாடலாக எடுங்கள். ஆனால் இதை வைத்து ரிசப்ஷனில் குத்தாட்டம் போடலாம் என்று நினைத்தால் அது நடக்காது.

கடையில் கேட்டுப் பார்க்கும்போது கடைக்காரர் போடுகிற பாட்டைக் கேட்காதீர்கள், அது பெட்டிக்கு ஏற்ற பாட்டாக இருக்கும். உங்கள் பென்டிரைவில் நாதஸ்வரம் ஒன்று, தவில் தனி ஒன்று, பறை ஒன்று, பழைய மெலடி ஒன்று கொண்டு போங்கள். ஹார்ன் மோசமாக இருந்தால் நாதஸ்வரம் காதைக் கீறும், பத்து நிமிடம் நிற்க முடியாது. தவிலின் வலந்தலை அடி 'டக்' என்று நறுக்காக வெட்டுகிறதா, தொளதொளவென்று வருகிறதா என்று கேளுங்கள். பெட்டி தன் எல்லையைத் தொட்டதைக் காட்டுகிற லிமிட் லைட் மினுக்கும் வரை சத்தத்தை ஏற்றுங்கள், அந்த நிலையில் குரல் இறுகிப் பிழிந்த மாதிரி ஆகிறதா, பிளாஸ்டிக் கூடு கிடுகிடுக்கிறதா என்று கையை வைத்துப் பாருங்கள். பிறகு பாட்டை நிறுத்திவிட்டு அமைதியில் கேளுங்கள். உஸ் என்ற இரைச்சலும் ஃபேன் சத்தமும் அதிகமிருந்தால் முகூர்த்த நேரத்தில் ஐயர் மந்திரத்தோடு அதுவும் சேர்ந்து கேட்கும். கடைசியாக ஒரு மைக்கைச் சொருகிப் பேசிக்கொண்டே பெட்டிக்கு முன்னால் நடங்கள், எங்கே கூவ ஆரம்பிக்கிறது என்பது தெரிந்துவிடும்.

ஸ்டாண்டில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் எப்படி அடிக்கும் என்று தெரியும். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்றால் ஸ்டாண்டில் நிற்கிற பெட்டி எம்மாத்திரம். 35 எம்எம் இரும்புக் குழாய் ஸ்டாண்ட், காலை நன்றாக அகட்டி, அதன் மேல் மணல் மூட்டை. திறந்த வெளியில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ சத்தமும் அந்தப் பக்கம் போகும், அதனால் முடிந்தால் காற்று வருகிற பக்கமே பெட்டியை நிறுத்துங்கள்.

ஊருக்குள் வாசிக்கிறவர் சத்த விதியையும் மனதில் வைத்துத்தான் பெட்டி எடுக்க வேண்டும். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழா மாதிரி நாட்களுக்கு, வருசத்தில் 15 நாளுக்கு மிகாமல், 12 மணி வரை மாநில அரசு தளர்த்தலாம். பொது இடத்தின் எல்லையில் 75 டெசிபலைத் தாண்டக்கூடாது என்ற வரம்பும் உண்டு. சப்பின் பேஸ்தான் சுவரைத் தாண்டி அடுத்த தெருவுக்குப் போகும், புகார் போன் வருவதும் அதனால்தான். "ஏனுங்க தம்பி, அந்த டம்மு டம்மை மட்டும் கொஞ்சம் அடக்குங்க" என்று மண்டபத்துக்காரர் வந்து நிற்கும்போது சப்பை மட்டும் தனியாகக் குறைக்க மிக்சரில் ஒரு வழி இருக்க வேண்டும். மிக்சரின் ஆக்ஸ் லைனில், அதாவது தனித் திருகு உள்ள கூடுதல் அவுட்டில், சப்பைக் கொடுத்துவிட்டால் ஒரே திருகலில் வேலை முடிந்தது.

பில் போட்டு வாங்குங்கள், வாரண்டி அட்டையில் சீரியல் நம்பர் சரியாக இருக்கிறதா என்று பெட்டியோடு ஒத்துப் பாருங்கள். சர்வீஸ் கோவையிலேயே நடக்குமா, சென்னைக்கு அனுப்புவார்களா, ட்வீட்டர் டயாபிரம் தனியாகக் கிடைக்குமா என்று காசு கொடுக்கும் முன்னால் கேளுங்கள். வைகாசி முகூர்த்த சீசனில் பெட்டி மூணு வாரம் சர்வீசில் கிடந்தால் அந்த மாத வருமானம் போய்விடும்.