டியூடர் வீடு செய்யப் போகிறீர்களா? கறுப்பு மையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்

இங்கிலாந்தில் ஆரம்பப் பள்ளிக்குப் போகும் பிள்ளை வீட்டில் இருந்தால், காலணிப் பெட்டியில் டியூடர் வீடு செய்யும் வேலை ஏதோ ஒரு பருவத்தில் பெரும்பாலும் வந்து சேரும். எங்கள் வீட்டுக்கும் வந்தது. வெள்ளைத் தாள் ஒட்டினோம், குறுக்கும் நெடுக்கும் கறுப்புப் பட்டை வரைந்தோம், மேலே வைக்கோலைப் பரப்பி, ஓரத்தில் ஒரு புகைபோக்கியும் நட்டோம். அழகாகத்தான் இருந்தது. "இது எந்த வருஷத்து வீடு?" என்று மகள் கேட்டபோதுதான் எனக்குப் பதில் தெரியவில்லை என்பது புரிந்தது. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு தேடியதில் எங்கள் பெட்டியில் இருந்த தவறுகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. அவற்றில் பல, பெரியவர்களும் காலம் காலமாகச் செய்துவருகிறவை.

118 ஆண்டுகளை ஒரே நாளாக நினைப்பது

எல்லாத் தவறுகளுக்கும் தாய் இதுதான். 1485 ஆகஸ்டில் போஸ்வொர்த் போர்க்களத்தில் ஏழாம் ஹென்றி வென்றதிலிருந்து 1603 மார்ச்சில் முதலாம் எலிசபெத் இறந்தது வரை டியூடர் அரச வம்சம் ஆண்ட காலம். நம் கொள்ளுப்பாட்டி பிறந்த வீட்டையும் நாம் இன்று இருக்கும் வீட்டையும் ஒன்றென்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வோமா? ஆனால் 1490ஆம் ஆண்டு வீட்டையும் 1590ஆம் ஆண்டு வீட்டையும் கூசாமல் ஒரே படத்தில் போட்டுவிடுகிறோம்.

இடையில் வந்த பெரிய மாற்றம் புகைபோக்கி. அதற்கு முன்பு ஓரளவு வசதியான விவசாயியின் வீட்டில்கூட, நடுவில் கூரை வரை திறந்த ஒரு கூடம்தான் இருக்கும். தரையில் அடுப்பு எரியும். புகை மேலே எழுந்து, உத்திரங்களைக் கரி பிடிக்க வைத்து, கூரையின் இடுக்குகள் வழியே மெதுவாகக் கசியும். சசெக்ஸில் சிங்கிள்டன் என்ற ஊரில் ஒரு திறந்தவெளி அருங்காட்சியகம் இருக்கிறது. கென்ட் பகுதியில் நீர்த்தேக்கம் வந்தபோது அங்கிருந்த 'பேலீஃப்' என்ற பழைய பண்ணை வீட்டைப் பிரித்து எடுத்துவந்து அங்கே மறுபடி நிறுத்தினார்கள். 1540 வாக்கில் அது எப்படி இருந்திருக்குமோ அப்படிச் சாமான்களோடு வைத்திருக்கிறார்கள். எட்டாம் ஹென்றி ஆண்டுகொண்டிருந்த காலம் அது. ஆனாலும் அந்த வீட்டில் புகைபோக்கி இல்லை, சன்னலில் கண்ணாடியும் இல்லை. மரக் கம்பிகளுக்குப் பின்னால் மரக்கதவு மட்டும்தான்.

செங்கல் புகைபோக்கி வந்த பிறகு எல்லாம் சங்கிலிபோல் மாறின. புகை ஒரு குழாய்க்குள் அடங்கிவிட்டதால் கூடத்துக்கு மேலே பலகை போட்டு மாடி எடுக்க முடிந்தது. மாடி வந்ததால் படுக்க என்று தனி அறை வந்தது. அறைகள் பெருகப் பெருக எசமானும் வேலைக்காரரும் ஒரே கூடத்தில் புழங்கிய வாழ்க்கை குறைந்தது. எசெக்ஸில் ராட்வின்டர் என்ற ஊரின் பாதிரியாராக இருந்த வில்லியம் ஹாரிசன், எலிசபெத் காலத்தில் இதை அருமையாகப் பதிவு செய்திருக்கிறார். தங்கள் ஆயுளிலேயே மூன்று விஷயங்கள் தலைகீழாக மாறிவிட்டதாக ஊர்ப் பெரியவர்கள் அவரிடம் சொன்னார்களாம். ஒன்று, எங்கு பார்த்தாலும் புகைபோக்கி. இரண்டாவது, படுக்கை. முன்பெல்லாம் வைக்கோல் பாயில் படுத்து, தலைக்கு ஓர் உருட்டுக்கட்டையை வைத்துக்கொள்வார்கள். தலையணை என்பது பிள்ளை பெற்ற பெண்களுக்கு மட்டும் உரியது என்று நினைத்தார்கள். மூன்றாவது, மரத்தட்டு போய் வெள்ளீயக் கலப்புத் தட்டு வந்தது. சாதாரண வீடுகளின் வரலாற்றை இவ்வளவு நெருக்கமாகச் சொல்லும் சாட்சி கிடைப்பது அரிது. எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவிகளைப் பற்றிப் படிப்பதைவிட எனக்கு அந்த உருட்டுக்கட்டைதான் மனதில் நிற்கிறது.

அதனால் வீடு செய்வதற்கு முன்னால் ஒரு வருடத்தைத் தேர்ந்தெடுங்கள். அதுவே பாதித் தவறுகளைத் தடுத்துவிடும்.

கறுப்பு வெள்ளை

டியூடர் என்றதும் கண்ணில் வருவது கறுப்புச் சட்டமும் வெள்ளைச் சுவரும். அந்தப் பளிச்சென்ற வேறுபாட்டைப் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் விக்டோரியா காலத்து ரசனைதான் கொண்டுவந்தது. செஷையரில் உள்ள லிட்டில் மோர்ட்டன் ஹாலின் புகழ்பெற்ற கறுப்பும்கூட அப்படிப் பிற்பாடு ஏறியதுதான். ஓக் மரத்தை அப்படியே விட்டால் வெயிலிலும் மழையிலும் வெள்ளி கலந்த சாம்பல் நிறத்துக்குப் போகும். பல ஊர்களில் மரத்தையும் சேர்த்து முழுச் சுவருக்கும் சுண்ணாம்பு அடித்தார்கள். சஃபோக்கில் லாவன்ஹம் தெருக்களில் நடந்தால் சாம்பல் மரங்களையும், காவி, இளமஞ்சள் கலந்த சுண்ணாம்புச் சுவர்களையும் இன்றும் பார்க்கலாம்.

விக்டோரியா காலத்து ஆசை கப்பலேறிப் போன இடங்களில் ஒன்று இலங்கை மலைநாடு. நுவரெலியா கிராண்ட் ஹோட்டலின் முகப்பைப் பார்த்து "டியூடர் வீடு இப்படித்தான் இருந்தது" என்று பிள்ளைக்குச் சொல்லிவிடாதீர்கள். அது டியூடர் காலத்தைப் பற்றிப் பின்னாளில் வந்தவர்கள் கண்ட கனவு.

சுவர் எப்படி எழும்பியது என்பது நமக்குப் புதிதல்ல. சட்டங்களுக்கு நடுவே குச்சிகளை நட்டு, வளையும் மிலாறுகளை ஊடாகப் பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணியும் பிசைந்து அப்புவார்கள். வரிச்சுக் கட்டி மண் பூசிய வீட்டைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

கப்பல் மரக் கதை

பழைய வீட்டுக்குள் நுழைந்தால், "இந்த உத்திரம் கப்பலிலிருந்து எடுத்தது" என்று யாராவது சொல்லக் கூடும். உத்திரத்தில் பொருளில்லாமல் ஒரு துளை இருக்கும், அதைச் சாட்சியாகக் காட்டுவார்கள். பெரும்பாலும் அது வேறொரு வீட்டைப் பிரித்து மறுபடி பயன்படுத்திய மரமாக இருக்கும். மரம் விலை உயர்ந்தது, யாரும் வீணாக்கவில்லை. புது வீட்டுக்கு ஓக்கைப் பச்சையாக இருக்கும்போதே அறுப்பார்கள். காய்ந்தால் இரும்பாகிவிடும், உளி இறங்காது. ஒரு கட்டையின் நாக்கை இன்னொன்றின் துளையில் செருகி, குறுக்கே மர முளை அடித்து இறுக்குவார்கள். தச்சர் தன் பட்டறையில் சட்டத்தைப் பொருத்திப் பார்த்து, ஒவ்வொரு இணைப்பிலும் ரோமன் எண் போன்ற ஓர் அடையாளத்தைக் கீறுவார். பிறகு பிரித்து, வண்டியில் ஏற்றி, மனையில் கொண்டுபோய் நிறுத்துவார். அந்தக் கீறல்களைத் தேடிக் கண்டுபிடிப்பதில் பிள்ளைகளுக்கு ஏற்படும் சந்தோஷத்துக்கு ஈடே இல்லை.

உண்மையாகவே கப்பல் மரத்தில் எழும்பிய 'டியூடர்' கட்டடம் ஒன்று லண்டனில் இருக்கிறது. லிபர்ட்டி கடைதான் அது. ஆனால் அதைக் கட்டியது 1924ல், இம்ப்ரெக்னபிள், ஹிந்துஸ்தான் என்ற இரண்டு போர்க்கப்பல்களின் மரத்தைக் கொண்டு.

மாடி தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருப்பது வரி ஏய்ப்புக்காக என்ற கதையையும் நம்ப வேண்டாம். கூடுதல் இடம், கீழ்ச்சுவர் நனையாமல் இருப்பது, தெருவில் நாலு பேர் மதிக்கும் பகட்டு என்று அதற்கு வேறு காரணங்கள் இருந்தன.

நிற்கும் வீடுகளே எல்லாருடைய வீடுகளும் என்று நினைப்பது

இன்று நாம் பார்த்து மகிழும் டியூடர் வீடுகள் வணிகர்களுடையவை, நிலமுள்ள விவசாயிகளுடையவை. கூலிக்காரரின் ஒற்றை அறைக் குடிசைகள் ஏறக்குறைய எல்லாமே மண்ணோடு போய்விட்டன. புதுக் குடிசை கட்ட வேண்டுமானால் அதோடு 4 ஏக்கர் நிலம் இருக்க வேண்டும் என்று 1589ல் ஒரு சட்டமே வந்தது. ஒரு குடிசையில் ஒரு குடும்பத்துக்கு மேல் தங்கக் கூடாது என்றும் அது சொன்னது. நிலமில்லாதவர்கள் எப்படி ஒண்டிக்கொண்டு கிடந்தார்கள் என்பதற்கு அந்தத் தடையே சாட்சி.

நிற்கும் வீட்டிலும் ஏமாறலாம். ஸ்ட்ராட்ஃபோர்டுக்குப் பக்கத்தில் வில்ம்கோட் ஊரில் ஷேக்ஸ்பியரின் தாய் மேரி ஆர்டனின் வீடு என்று ஒன்றை ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் காட்டினார்கள். 2000ஆம் ஆண்டில் ஆவணங்களை ஆராய்ந்தபோது அது பக்கத்துப் பண்ணைக்காரர் ஆடம் பாமரின் வீடு என்று தெரிந்தது. ஆர்டன் வீடு அருகிலேயே யாரும் அவ்வளவாகக் கவனிக்காமல் நின்றிருக்கிறது! மர வளையங்களைக் கணக்கிட்டதில் அதன் மரம் 1514ஐச் சேர்ந்தது என்று வந்தது. பலகையில் எழுதியிருப்பதைவிட மரத்துக்குள் எழுதியிருப்பதுதான் நம்பத் தகுந்தது.

"அவர்கள் குளிக்கவே மாட்டார்கள்"

இதைச் சொல்லிச் சிரிப்பது எனக்கு உறுத்தும். தினமும் தலைக்கு ஊற்றிக் குளிக்கும் பழக்கம் அவர்களுக்கு இல்லை என்பது உண்மைதான். அந்தக் குளிரில், ஒவ்வொரு வாளித் தண்ணீரையும் சுமந்து, விறகு எரித்துச் சுடவைக்க வேண்டிய வீட்டில் அது எளிதும் அல்ல. ஆனால் சுத்தம் வேறு வழியில் வந்தது. உடம்போடு ஒட்டி அணிந்தது லினன் சட்டை. வியர்வையை அது உறிஞ்சிக்கொள்ளும். அதை மாற்றி மாற்றித் துவைப்பார்கள், மர சாம்பலில் தண்ணீர் ஊற்றி வடித்த காரநீரில் ஊறவைத்து. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் கை கழுவினார்கள். 1545ல் மூழ்கி 1982ல் மேலே எடுத்த மேரி ரோஸ் என்ற எட்டாம் ஹென்றியின் போர்க்கப்பலில் எண்பதுக்கும் மேற்பட்ட சீப்புகள் கிடைத்தன, பேன் சீப்பு போல நெருக்கமான பற்களோடு. சாதாரண மாலுமிகள் தலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதே கப்பல் இன்னொரு கதையையும் உடைக்கிறது. வாசல் தாழ்வாக இருப்பதைப் பார்த்து "அந்தக் காலத்தில் எல்லாரும் குள்ளம்" என்கிறோம். மேரி ரோஸில் இறந்தவர்களின் எலும்புகளை அளந்ததில் சராசரி உயரம் ஏறக்குறைய 5 அடி 7 அங்குலம்.

தெருவில் குப்பை கொட்டுவதையும் யாரும் கண்டுகொள்ளாமல் விடவில்லை. ஷேக்ஸ்பியரின் தந்தை ஜான் 1552ல் ஹென்லி தெருவில் குப்பைமேடு வைத்ததற்காக ஒரு ஷில்லிங் அபராதம் கட்டினார். அதற்காக எல்லாம் பளிங்குபோல் இருந்தது என்றும் சொல்ல முடியாது. தரையில் பரப்பிய கோரைக்கு அடியில் இருபது வருட அழுக்கு கிடக்கிறது என்று நெதர்லாந்து அறிஞர் எராஸ்மஸ் நொந்து எழுதினார். அவர் பார்த்தது அவர் பார்த்த வீடுகளை. அதை எல்லா வீட்டுக்கும் நீட்டக் கூடாது.

சாப்பாட்டு மேசை

மாதிரி மேசையில் உருளைக்கிழங்கு, தக்காளி, தேநீர் வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். ஜான் ஜெரார்டு 1597ல் தன் மூலிகை நூலில் உருளைக்கிழங்கின் படத்தைப் போட்டபோது அது தோட்டத்து அதிசயம், அடுப்புக்கு வந்த பண்டம் அல்ல. தேநீர் வந்தது 17ஆம் நூற்றாண்டின் நடுவில். தட்டுக்குப் பக்கத்தில் முள்கரண்டியும் வேண்டாம்; கத்தி, கரண்டி, கை போதும். ஏழைகளின் அன்றாடச் சாப்பாடு பார்லி அல்லது ரை என்ற தானியத்தின் மாவில் சுட்ட கறுத்த ரொட்டியும், தானியமும் பட்டாணியும் கீரையும் போட்டுக் கொதிக்கவைத்த கெட்டிக் கஞ்சியும்தான். கறியே எந்நேரமும் என்பதும் சரியில்லை. வெள்ளி, சனி, தவக்காலம் என்று மீன் நாட்கள் இருந்தன. மீனவர்களையும் அவர்கள் வழியாகக் கடற்படையையும் காக்க 1563ல் புதன்கிழமையையும் சேர்த்தார்கள்.

கெட்டுப்போன இறைச்சியின் நாற்றத்தை மறைக்க மிளகு போட்டார்கள் என்பது மிளகு விளைந்த பக்கத்திலிருந்து பார்த்தாலே பொருந்தாத கதை. மலபாரிலிருந்து கடல் கடந்து லிஸ்பன் வழியாகப் போன சரக்கு அது. மிளகு வாங்கக் காசுள்ளவருக்கு நல்ல இறைச்சி வாங்கவும் காசிருக்கும்.

ஏல் என்ற மதுவும் பியரும் நிறையக் குடித்தார்கள், சரி. அதற்காகத் தண்ணீரே குடிக்கவில்லை என்பது தப்பு. லண்டனுக்கு ஊற்று நீர் குழாயில் வந்தது; அதைச் சுமந்து விற்பதே பிழைப்பாக இருந்தவர்கள் இருந்தார்கள்.

நம்மவர்கள் தனியாகச் செய்யும் தவறு

பழங்காலம் என்றதும் கூட்டுக்குடும்பம், பால்ய விவாகம் என்று நம் மனம் தானாகப் போய்விடுகிறது. இங்கிலாந்தில் சாதாரண மக்களிடம் கதை வேறு. 1538ல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் ஆணைப்படி ஒவ்வொரு தேவாலயமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதிவு செய்யத் தொடங்கியது. அந்தப் பதிவேடுகளை வைத்துக் கணக்கிட்டால் பெண்கள் சராசரியாக 25, 26 வயதிலும், ஆண்கள் 27, 28 வயதிலும் மணம் முடித்திருக்கிறார்கள். கல்யாணம் என்றால் தனிக்குடித்தனம். அதற்குக் காசு சேர வேண்டும். அதனால் பதின்வயதில் வேறொரு வீட்டில் தங்கி வேலை செய்து சேர்த்தார்கள். ஆகவே பெட்டி வீட்டில் பொம்மைகளை வைக்கும்போது தாத்தா, பாட்டி, சித்தப்பா என்று நிரப்ப வேண்டாம். அப்பா, அம்மா, இரண்டு மூன்று பிள்ளைகள், வேலைக்கு வந்த ஒரு பதினைந்து வயதுப் பெண், அவ்வளவுதான்.

இரண்டாவது பெட்டியை நாங்கள் 1500 என்று முடிவு செய்துதான் ஆரம்பித்தோம். புகைபோக்கியைப் பிடுங்கினோம். கூடத்தின் நடுவில் கூழாங்கற்களை வட்டமாக வைத்து அடுப்பு. சன்னலில் தீக்குச்சிகள். கூரையின் உள்பக்கம் முழுவதும் கரித்துண்டால் மகளே தேய்த்தாள். மூலையில் வைக்கோல் பாய், தலைமாட்டில் ஒரு சிறு கட்டை.