'மாசில் வீணையும்': ஒரு தேவாரப் பாட்டைப் பிரித்துப் பார்க்கும் முறை

யாப்பு, அதாவது செய்யுள் கட்டும் இலக்கணம், பழக வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அப்பரின் இந்த நாலு வரிதான். ஐந்தாம் திருமுறை, திருக்குறுந்தொகை என்ற பாட்டு வகை. சுண்ணாம்புக் காளவாயில் (சூளையில்) அவரை அடைத்தபோது பாடினார் என்பது மரபு.

மாசில் வீணையும் மாலை மதியமும்
வீசு தென்றலும் வீங்கிள வேனிலும்
மூசு வண்டறை பொய்கையும் போன்றதே
ஈசன் எந்தை இணையடி நீழலே

படி 1: வாய்விட்டுப் படியுங்கள். இரண்டு தடவையாவது. வரிக்கு நாலு சீர் (ஓசைத் துண்டு) என்பது காதிலேயே பிடிபடும்.

படி 2: எதுகை. வரியின் கடைசியைப் பார்க்காதீர்கள். நானும் பள்ளியில் அந்தத் தப்பைத்தான் செய்தேன். ஒவ்வொரு வரியின் முதல் சொல்லிலும் இரண்டாம் எழுத்தைப் பாருங்கள்: மாசில், வீசு, மூசு, ஈசன். நாலிலும் சகர வருக்கம் (சி, சு, சு, ச). முதல் எழுத்து நாலும் நெடில். அந்த அளவு ஒத்தால்தான் எதுகை.

படி 3: மோனை. இது வரிக்குள்ளே, சீரின் முதல் எழுத்தில் இருக்கும். முதல் வரியில் மா, மா, ம. இரண்டாவதில் வீ, வீ, வே. மூன்றாவதில் 'மூ'வுக்குத் துணை இல்லை. பொய்கையும் போன்றதும் தங்களுக்குள் சேர்ந்துகொள்கின்றன. பரவாயில்லை, விட்டுவிடுங்கள். நாலாவதில் ஈ, எ, இ. வேறு எழுத்துகள் ஆயிற்றே என்று குழம்ப வேண்டாம்: இ, ஈ, எ, ஏ ஓரினம்.

படி 4: அளவு. புள்ளி வைத்த எழுத்துகளை விட்டுவிட்டு எண்ணுங்கள். மா-சி-வீ-ணை-யு-மா-லை-ம-தி-ய-மு: 11. மற்ற மூன்று வரிகளையும் எண்ணிப் பாருங்கள், அதே 11! சீரை அசைகளாக, அதாவது இன்னும் சிறிய ஒலித்துண்டுகளாகப் பிரித்தால், நாலு வரியும் தேமா என்ற ஈரசைச் சீரில் தொடங்கும். நாற்சீர் அடி நான்கு வந்தால் கலிவிருத்தம்.

படி 5: திரும்ப வருவது எது? எனக்குப் பிடித்த இடம் இதுதான். வீணையும், மதியமும், தென்றலும், வேனிலும், பொய்கையும் என்று ஐந்து 'உம்' அடுக்கி வருகின்றன. எல்லாம் இதமானவை. ஆனால் எதைப் பற்றிப் பேசுகிறார் என்று மூன்று வரி முடியும்வரை சொல்லவில்லை. 'போன்றதே' வந்த பிறகும் எழுவாய் வராது. கடைசிச் சீரில்தான் 'நீழலே' வருகிறது. சரி, அதையே உரைநடையில் முன்னால் போட்டுச் சொல்லிப் பாருங்கள்: "ஈசன் அடிநிழல் வீணையும் நிலவும் தென்றலும் போன்றது." பொருள் அப்படியே இருக்கிறது, காளவாய்ச் சூட்டில் நிழலுக்குக் காத்திருந்த அந்த மூன்று வரிதான் காணாமல் போய்விட்டது.