வலை பின்னச் சொன்ன ஆசிரியர்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இராமநாதபுரம் மாவட்டத்தின் மண்டபம் ஊரை அடுத்த கடலோரத் தொடக்கப்பள்ளி ஒன்றுக்குக் கற்பித்தல் பயிற்சிக்காக வந்திருந்த மாணவ ஆசிரியரின் பாடக்குறிப்பேட்டைப் புரட்டியபோது, ‘செயல்பாடு: வலை பின்னுதல், கருவாடு காய வைத்தல்’ என்ற வரியில் என் கண் நின்றது. இருபது ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய குறிப்பிலும் ஏறக்குறைய இதே சொற்கள்தாம் இருந்தன. கல்வித் தத்துவத்தைக் கையாள்வதில் புதிய ஆசிரியர்கள் செய்யும் தவறுகளையே இங்கே சொல்கிறேன்; கரும்பலகையை மறைத்து நிற்பது போன்ற பிழைகள் சில வாரங்களில் தாமே திருந்திவிடும் என்பதால் அவற்றை இங்கே எடுக்கவில்லை.

தத்துவத்தைத் தேர்வோடு மூடி வைத்தல்

குழந்தையை மையமாக்கிய கல்வியைப் பேசிய ரூசோவையும் ஃபுரோபலையும் பத்து மதிப்பெண் விடையாக மட்டும் படித்தவர், வகுப்பில் கூச்சல் எழுந்ததும் தம்மை அடித்த ஆசிரியரைத்தான் பின்பற்றுகிறார்.

வரலாறு இல்லாத தத்துவம்

என்னை இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். பயிற்சி முடித்த சூட்டில், அனுபவமே கல்வி என்ற அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயியின் கருத்தும், 1937இல் வார்தா மாநாட்டில் காந்தி முன்வைத்த, கைத்தொழில் வழியே கற்பிக்கும் ஆதாரக் கல்வியும் என்னை ஆட்கொண்டிருந்தன. மீனவர் பிள்ளைகளுக்கு அவர்களுடைய வாழ்க்கையிலிருந்தே பாடம் என்று முடிவு செய்து, ஒரு பருவத்தின் பெரும்பகுதியை வலையும் தூண்டிலுமாகக் கழித்தேன். பாசி எடுத்துவிட்டு ஈரச் சேலையோடு வந்த ஒரு தாய் வகுப்பு வாசலில் நின்று, “வலை பின்ன அவங்க அப்பா சொல்லிக் குடுப்பாரு சார், எழுத்தைத்தான் வீட்டுல சொல்லிக்குடுக்க ஆளு இல்ல” என்றார். எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

அந்தத் தாய் அறிந்தோ அறியாமலோ ஒரு வரலாற்றைப் பேசினார். 1953இல் இராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப்பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மீதிப் பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று எதிர்க்கப்பட்ட அது, 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் கைவிடப்பட்டது. காந்தியின் திட்டத்தில் கைத்தொழில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளிக்குள் பாடத்தின் வாயிலாக இருந்தது. 1953ஆம் ஆண்டுத் திட்டத்திலோ பிள்ளை தன் வீட்டுத் தொழிலுக்கே திரும்ப அனுப்பப்பட்டது. இந்த வேறுபாட்டை அறியாமல் முதலதைச் செய்வதாக எண்ணி இரண்டாவதைச் செய்தேன். நல்லெண்ணத்தோடு செய்தேன் என்பது, படிக்கத் தெரியாமல் அடுத்த வகுப்புக்குப் போன பிள்ளைகளுக்கு எந்த வகையிலும் ஈடாகாது.

கடலை வகுப்பிலிருந்து விலக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிடிபட்ட மீனை விற்ற பணம் படகுக்கும் ஆட்களுக்கும் எப்படிப் பங்கு பிரிகிறது என்பதைப் பின்னமாக எழுதி, அப்பா கொண்டுவந்த தொகை சரியா என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளை பார்க்கும்போது, அதே கடல் அந்தப் பிள்ளையைத் தொழிலுக்குள் பூட்டாமல் கணக்கை நோக்கி நகர்த்துகிறது. ஆசிரியர் தம்மை யாராகக் கருதுகிறார் என்பது இங்கேதான் தெரிகிறது: பிள்ளை பிறந்த இடத்தை அதற்கே மறுபடி காட்டுபவரா, அங்கிருந்து போகக்கூடிய வழிகளையும் திறப்பவரா?

திண்ணைப் பள்ளியை இகழ்தல்

மனப்பாடமும் பிரம்பும் மட்டுமே நம் மரபு, குழந்தையை மதிப்பது மேற்கிலிருந்து வந்தது என்று மேடையில் பேசுவோர் எழும்பூரை மறந்துவிடுகிறார்கள். அங்கே 1789இல் ஆதரவற்றோர் பள்ளியின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியில் புகுத்தினார். மூத்த மாணவர் இளையவருக்குக் கற்பிக்கும் முறையையும் சேர்த்து 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். நம் திண்ணைப் பள்ளிகளின் சட்டாம்பிள்ளை முறைக்கு நெருங்கிய அது, சென்னை முறை என்ற பெயரில் இங்கிலாந்தின் பள்ளிகளில் பரவியது. திண்ணைப் பள்ளி பலருக்குக் கதவடைத்ததும் உண்மையே. இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

திட்டமே நான் என்றிருத்தல்

தமிழ்நாட்டுத் தொடக்கப்பள்ளிகளில் முன்பு இருந்த செயல்வழிக் கற்றல் முறையின் அட்டைகளும் கற்றல் ஏணியும் போய், 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ என்ற அரசுத் திட்டம் வந்தபோது, தமக்கு வேலையே இல்லாமற்போனதுபோல் உட்கார்ந்திருந்த ஒருவரை நான் அறிவேன்.