இன்டர்ன்ஷிப்பை வீணடிக்காமல் இருப்பது எப்படி?

சிங்கப்பூரில் இன்று பாலிடெக்னிக்கில் (பாலி) படித்தாலும் பல்கலைக்கழகத்தில் படித்தாலும் ஏதோ ஒரு கட்டத்தில் இன்டர்ன்ஷிப், அதாவது படிக்கும்போதே ஒரு நிறுவனத்தில் பார்க்கும் பயிற்சி வேலை, வந்து நிற்கும். சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தில் அது கட்டாயம். சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகத்தில் பல படிப்புகளுக்கு 8 மாதம் முதல் ஓராண்டு வரைகூட நிறுவனத்தில் வேலை பார்க்க வேண்டியிருக்கும். எப்படியும் போகத்தான் போகிறோம், போவதை உருப்படியாகச் செய்வோம்.

முதலில் நேரம். பல்கலைக்கழக மாணவர்களுக்கு மே முதல் ஆகஸ்ட் தொடக்கம் வரை நீண்ட விடுமுறை, ஆனால் பெரிய வங்கிகள் பலவும் அதற்கு முந்தைய ஆண்டே விண்ணப்பம் வாங்கத் தொடங்கிவிடும். ஏப்ரலில் தேட ஆரம்பித்தால் மிச்சம் மீதிதான் கிடைக்கும். உங்கள் கல்விக்கழகத்தின் வேலை வழிகாட்டி அலுவலகம் நடத்தும் தளத்தை முதலில் பாருங்கள், அங்கே வரும் நிறுவனங்கள் உங்கள் படிப்பு என்ன என்று தெரிந்தே வருகின்றன. தமிழ்நாட்டிலிருந்து மாணவர் அனுமதி அட்டையில் வந்து படிப்பவர்களுக்கு ஒன்று: அங்கீகரிக்கப்பட்ட கல்விக்கழகம் என்றால் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 16 மணி நேரம் வரையும் விடுமுறையில் முழுநேரமாகவும் வேலை செய்யலாம். கையெழுத்துப் போடுவதற்கு முன் மாணவர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

நேர்காணலில் நீங்களும் கேள்வி கேளுங்கள். "போன முறை வந்த மாணவர் என்ன வேலை செய்தார்? என் வேலையை யார் பார்த்துத் திருத்துவார்?" இந்த இரண்டுக்கும் தெளிவான பதில் வராத இடம், பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் எனக்குத் தயக்கம்தான். பத்துப் பேர் வேலை செய்யும் சின்ன நிறுவனத்தில் முதலாளியே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

சரி, உள்ளே போயாகிவிட்டது. முதல் இரண்டு வாரம் கொடுத்த வேலையைச் சுத்தமாகச் செய்யுங்கள், அப்புறம் உங்களுக்கென்று ஒரு வேலையைக் கேட்டு வாங்குங்கள். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். துவாஸில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் தாமதப் புகார்களை எக்செலில் ஏற்றும் வேலை உங்களுக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏற்றிக்கொண்டே போகும்போது பாதிப் புகார் ஒரே வட்டாரத்திலிருந்து, அதுவும் ஒரே நேரத்தில்தான் வருகிறது என்று உங்கள் கண்ணில் பட்டால், "இதை வட்டாரவாரியாகப் பிரித்து வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பக்கத்தில் காட்டட்டுமா?" என்று மேலதிகாரியிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் நட்டமில்லை. சரி என்றால், அடுத்த வேலை நேர்காணலில் "என்ன செய்தாய்?" என்ற கேள்விக்கு உங்களிடம் ஒரு முழுக் கதை இருக்கும்: பிரச்சினை என்ன, நான் எதைக் கவனித்தேன், என்ன மாறியது. "எக்செலில் தரவு ஏற்றினேன்" என்று சொல்பவரையும் இப்படிச் சொல்பவரையும் அடுத்தடுத்து உட்காரவைத்தால் யாருக்கு வேலை கிடைக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் வீட்டுப் பிள்ளைகளிடம் ஒரு தயக்கம் உண்டு. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று கேட்டே வளர்ந்திருப்போம், அலுவலகத்திலோ ஐம்பது வயதுக்காரரையும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், கூட்டத்தில் அபிப்பிராயம் கேட்டால் உடனே சொல்ல வேண்டும். இது மரியாதைக் குறைவு இல்லை. சந்தேகம் வந்தால் அரை மணி நேரம் நீங்களே முயன்று பாருங்கள், பிறகு "இதையும் இதையும் செய்து பார்த்தேன், இந்த இடத்தில் நிற்கிறது" என்று போய்க் கேளுங்கள். அப்படிக் கேட்பவரிடம் யாரும் எரிந்து விழுவதில்லை.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பத்து நிமிடம் ஒதுக்கி அந்த வாரம் செய்ததை எழுதிவையுங்கள். எத்தனை கோப்பு, எவ்வளவு நேரம் மிச்சமானது, எந்த மென்பொருள், யார் என்ன திருத்தினார் என்று எண்களோடு எழுதுங்கள். பாலி முடித்ததும் ராணுவம், காவல்துறை போன்றவற்றில் கட்டாயமாகப் பணியாற்றும் தேசிய சேவைக்குப் போகும் பையன்களுக்கு இது இன்னும் அவசியம், ஏனென்றால் இரண்டு ஆண்டு கழித்து வெளியே வந்து ரெஸ்யூமே எழுத உட்காரும்போது நிறுவனத்தின் பெயரைத் தவிர எதுவும் ஞாபகத்தில் இருக்காது. ஆனால் வாடிக்கையாளர் பெயர், நிறுவனத்தின் கோப்பு எதையும் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். சிங்கப்பூரில் தனிநபர் தரவைப் பாதுகாக்க 2012 முதல் சட்டமே இருக்கிறது.

துறை பிடிக்கவில்லை என்று தெரிந்தால் அதுவும் லாபம்தான். கணக்குத் தணிக்கைக்குப் போக ஆசைப்படுபவர்கள், முடிந்தால் ஜனவரியிலிருந்து மார்ச் வரை, வேலை கழுத்தை நெரிக்கும் அந்தப் பருவத்தில் போய்ப் பாருங்கள். அதையும் தாண்டிப் பிடித்திருந்தால் தைரியமாக அந்தப் பக்கம் போகலாம். பிடிக்காவிட்டால் பட்டம் வாங்குவதற்கு முன்பே தெரிந்துவிட்டது, விருப்பப் பாடங்களை மாற்றிக்கொள்ள இன்னும் நேரம் இருக்கிறது.

கடைசி வாரத்துக்கு முன்னாலேயே மேலதிகாரியிடம் அரை மணி நேரம் கேட்டு வாங்கி, "நான் எதில் இன்னும் தேற வேண்டும்?" என்று நேராகக் கேளுங்கள். பாராட்டுக்காகக் கேட்காதீர்கள், குறைகளை எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் பரிந்துரைக்கு அவர் பெயரைக் கொடுக்கலாமா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம். ரெஸ்யூமேயில் இந்த வேலைக்கான நான்கு வரிகளை அங்கே இருக்கும்போதே எழுதி அவரிடம் காட்டினால், எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று அவரே திருத்தித் தருவார்.