ஆடும் மடக்குக் கத்தியைச் சரிசெய்வது எப்படி?

முந்நூறு, நானூறு ரூபாய்க்கு வாங்கும் மடக்குக் கத்தி சில மாதங்களில் ஆட ஆரம்பித்துவிடும். கொய்யாப்பழம் நறுக்கினால் அலகு ஒரு பக்கமாகச் சாயும். பார்சல் டேப்பைக் கிழித்தால் ‘டக் டக்’ என்று சத்தம் வரும். எனக்கு முதல் தடவை அப்படி ஆனபோது, ஸ்க்ரூவைப் பிடித்து முறுக்கினேன். ஆட்டம் நின்றது, கூடவே கத்தியும் நின்றுவிட்டது! திறப்பதற்கு இரண்டு கை வேண்டியிருந்தது. சரி என்று கொஞ்சம் தளர்த்தினேன். ஒரே வாரத்தில் பழைய கதை. இறுக்குவதைவிட, இறுக்கிய இடத்திலேயே அதை நிற்க வைப்பதுதான் இதில் பெரிய வேலை.

எந்தப் பக்கம் ஆடுகிறது?

கத்தியைத் திறந்து பூட்டிக்கொள்ளுங்கள். கூர் விரலில் படாமல் அலகின் இரு பக்கங்களையும் பிடித்து இடம் வலமாக அசைத்துப் பாருங்கள். ஆடினால், அலகு சுழலும் அச்சு தளர்ந்திருக்கிறது. மேலும் கீழுமாக ஆடினால், திறந்த அலகை மடங்காமல் பிடித்து வைக்கும் பூட்டு பெரும்பாலும் தேய்ந்திருக்கும். அச்சை எவ்வளவு இறுக்கினாலும் அது போகாது. அந்த மாதிரிக் கத்தியை நான் தூக்கிப் போட்டுவிடுவேன். வேலை நடுவில் மடங்கினால் முதலில் மாட்டுவது விரல்தான்.

பக்கவாட்டு ஆட்டம் மட்டும்தான் என்றால், கூர் மேல் மாஸ்கிங் டேப்பை இரண்டு சுற்று சுற்றிவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

ஸ்க்ரூ வைத்த கத்தி

அச்சின் தலையைப் பாருங்கள். நட்சத்திர வடிவக் குழி இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அச்சு ஸ்க்ரூவுக்குப் பெரும்பாலும் டி8 (T8) அளவு நட்சத்திர பிட், அதாவது ஸ்க்ரூடிரைவர் முனை; கைப்பிடியின் சின்ன ஸ்க்ரூக்களுக்கு டி6 (T6). மொபைல் ரிப்பேர் செட்டிலேயே இரண்டும் கிடைக்கும். பிட் குழியில் ஆடாமல் உட்கார வேண்டும். ‘கிட்டத்தட்டப் பொருந்துகிறதே’ என்று சின்ன பிட்டைப் போட்டு முறுக்கினால், மலிவுக் கத்தியின் மெத்தென்ற ஸ்க்ரூவில் குழி வழுக்கி வட்டமாகிவிடும். அப்புறம் அதைக் கழற்றவே முடியாது.

ஒரேயடியாக முறுக்காதீர்கள். கடிகார முள் 12-லிருந்து ஒன்றரைக்குப் போகும் தூரம், அவ்வளவுதான். திறந்து மூடிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொரு முறை அதே அளவு. ஸ்க்ரூவைத் திருப்பும்போது மறுபக்கத் தலையும் சேர்ந்து சுற்றினால், அங்கே இன்னொரு பிட்டை வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சரியான இறுக்கம் தெரிந்ததும் ஸ்க்ரூவை முழுசாகக் கழற்றுங்கள். ஏன் என்கிறீர்களா? ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் அலகு ஸ்க்ரூவையும் துளித்துளியாகத் தன்னோடு இழுக்கிறது. மரையில் பிடிப்பு இல்லையென்றால் மறுபடி தளரும். மரையில் உள்ள எண்ணெயை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசையான நீல நிற லாக்டைட்டை (Loctite) மரையின் நுனியில் ஒரு கடுகளவு தடவுங்கள். சிவப்பு வேண்டாம், அதைக் கழற்ற ஸ்க்ரூவைச் சூடாக்க வேண்டியிருக்கும். நீலம் கிடைக்காதவர்கள் நெயில் பாலிஷ் தடவலாம், நானே பல தடவை செய்திருக்கிறேன். ஃபெவிக்விக் மட்டும் கூடாது. அலகுப் பக்கம் கசிந்தால் கத்தி மொத்தமாக ஒட்டிக்கொள்ளும்.

ஸ்க்ரூவைத் திரும்பப் போட்டு, பழைய இறுக்கத்துக்கு உடனே கொண்டுவந்துவிடுங்கள். பிறகு 24 மணி நேரம் தொடாதீர்கள். எண்ணெயும் அதற்கப்புறம்தான், தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு.

இறுக்கியும் ஆடினால்

உள்ளே வாஷர் தேய்ந்திருக்கலாம். கைப்பிடியைப் பிரிக்கும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், வெள்ளைத் துணி மேல் வைத்துப் பிரியுங்கள். வாஷர் கருப்புத் துணியில் விழுந்தால் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அலகின் இரு பக்கமும் ஒவ்வொரு வாஷர் இருக்கும், பெரும்பாலும் பிளாஸ்டிக். கிழிந்திருந்தால் தண்ணீர் பாட்டிலின் பிளாஸ்டிக்கிலேயே அதே அளவு வெட்டிப் போடலாம். இரண்டையும் ஒரே பாட்டிலில் வெட்டுங்கள். கனம் மாறினால் மூடும்போது அலகு ஒரு பக்கத்தை உரசும்.

ரிவிட் அடித்த கத்தி

குழி எதுவும் இல்லாமல் மொட்டைத் தலையாக இருந்தால் அது ரிவிட். இதற்குச் சுத்தியல்தான். குளிர்பான கேனிலிருந்து ஒரு துண்டுத் தகடு வெட்டி, நடுவில் பிளவு போட்டு, அச்சைச் சுற்றி அலகுக்கும் கைப்பிடிக்கும் இடையே செருகுங்கள். அலகு இறுகிப் போகாமல் இது ஒரு மயிரிழை இடம் விட்டு வைக்கும். கத்தி மூடியே இருக்கட்டும். ரிவிட்டின் ஒரு தலையைக் கனமான இரும்பு மேல் வையுங்கள்; கைப்பிடி இரும்பில் படக் கூடாது, பட்டால் பிளாஸ்டிக் விரியும். மறு தலையின் ஓரங்களில் உருண்டைத் தலைச் சுத்தியலால் தட்டுங்கள். ஓங்கி அடிக்காதீர்கள், தேங்காய் உடைக்கும் வேலை இல்லை இது. நாலு தட்டு, ஒரு சோதனை, மறுபடி நாலு தட்டு. முடிந்ததும் தகட்டை உருவி எடுத்துவிடுங்கள். கொஞ்சம் இறுகிவிட்டால் பயப்பட வேண்டாம். எண்ணெய் ஒரு சொட்டு விட்டு இருபது, முப்பது முறை திறந்து மூடினால் இளகிவிடும்.

கடைசியாக, டேப்பைப் பிரிக்கும் முன் கத்தியைப் பூட்டி, முதுகுப் பக்கத்தை மேசை விளிம்பில் மெதுவாக அழுத்திப் பாருங்கள், அலகு மடங்கும் வழியில் விரல் இல்லாமல். பூட்டு நழுவினால் அந்தக் கத்தியைப் பயன்படுத்தாதீர்கள்.